ஏற்றத்துக்கு ஒன்று, சமதளத்துக்கு ஒன்று... சைக்கிள் வீரர்களைக் குழப்பும் நீஸ் மலைப்பாதை!

பிரான்ஸின் தெற்கு மூலையில், மத்தியதரைக் கடலை ஒட்டி இருக்கிறது நீஸ் நகரம். கடற்கரையில் மணலைத் தேடினால் ஏமாற்றம்தான். கால் வைத்தால் உருளும் கூழாங்கற்களே கரை முழுக்க. கடலோரமாகவே நீளும் சாலையின் பெயர் 'ப்ரொமனாட் தெசாங்லே'. 'ஆங்கிலேயர் நடைபாதை' என்று அர்த்தம். குளிர்காலத்தைக் கழிக்க இங்கே வந்த ஆங்கிலேயர்களுக்காக 1820-களில் உருவானது. பழைய நகரத்துச் சந்துகளுக்குள் நுழைந்தால் 'சோக்கா' மணக்கும். கடலை மாவைக் கரைத்து, பெரிய தாம்பாளத்தில் மெல்லிசாக ஊற்றி, விறகு அடுப்பில் சுட்டு, மிளகுத்தூள் தூவித் தருவார்கள்.

இந்த நிம்மதியான ஊரில்தான் 2023 செப்டம்பரில் உலகம் முழுக்கவிருந்து வந்த விளையாட்டு வீரர்கள் ஒரே கேள்வியோடு வந்து இறங்கினார்கள். 'எந்த சைக்கிளை எடுத்துப் போவது?'

கடலில் தொடங்கி மலைக்கு...

'அயர்ன்மேன்' என்பது மூன்று விளையாட்டுகளை ஒரே நாளில் முடிக்கும் போட்டி. 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், பிறகு 42.2 கிலோமீட்டர் ஓட்டம். இதன் உலக சாம்பியன்ஷிப்புக்கு 1981 முதல் ஹவாயின் கோனாதான் சொந்த வீடு. 2023-ல் ஆண்கள் பிரிவு மட்டும் நீஸுக்கு மாறியது. இடம் மாறியதும் கணக்கும் மாறியது.

கோனாவில் கறுத்த எரிமலைக் குழம்புப் பாறைகளுக்கு நடுவே நீண்ட நெடுஞ்சாலை. எதிரி, வெயிலும் பக்கவாட்டுக் காற்றும்தான். காற்று ஆளையே தள்ளிவிடும் என்பதால், பின்பக்கம் முழுத் தட்டு போன்ற சக்கரம் மாட்டுவதற்கு அங்கே தடை இருந்தது. நீஸில் அப்படியில்லை. கடல் மட்டத்திலிருந்து 'கோல் தெ லெக்ர்' கணவாய் வரை 1,100 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். வழியில் வரும் மற்ற ஏற்றங்களையும் சேர்த்தால் மொத்தம் சுமார் 2,400 மீட்டர்!

அப்படி என்ன வித்தியாசம்?

ரோடு பைக் நாம் பார்த்துப் பழகியதுதான். ஆட்டுக்கொம்பு போல வளைந்த ஹேண்டில்பார். பிரேக், கியர் இரண்டுமே விரல் நுனியில்.

ட்ரையத்லான் பைக்கில் சீட் இன்னும் முன்னால் தள்ளி இருக்கும். முழங்கையை வைக்க இரண்டு மெத்தைகள், அவற்றிலிருந்து முன்னோக்கி நீளும் இரண்டு கம்பிகள். கிட்டத்தட்டக் குப்புறப் படுத்தது போல ஓட்ட வேண்டும். கியர் அந்தக் கம்பிகளின் முனையில் இருக்கும். பிரேக் மட்டும் வெளிப்பக்கக் கம்பியில். அதாவது, படுத்து ஓட்டும்போது பிரேக் கைக்கு எட்டாது!

எதற்கு இந்தச் சிரமம்? சமதளத்தில் வேகமெடுத்தால் சைக்கிளை இழுத்துப் பிடிப்பது பெரும்பாலும் காற்றுதான். அயர்ன்மேனில் முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு காற்றிலிருந்து தப்பிக்கவும் முடியாது. தொழில்முறை வீரர்கள் 12 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது 2023-ல் இருந்த விதி. அதனால் உடம்பைக் குறுக்குவதுதான் ஒரே வழி.

அந்தக் கம்பிகளின் மகிமையை 1989-ல் உலகமே பார்த்தது. டூர் தெ பிரான்ஸின் கடைசி நாளில் 50 விநாடிகள் பின்தங்கியிருந்தார் அமெரிக்க வீரர் கிரெக் லெமாண்ட். ட்ரையத்லான்காரர்களிடமிருந்து வந்த முழங்கைக் கம்பியை மாட்டிக்கொண்டு 24.5 கிலோமீட்டர் ஓட்டினார். லொரான் ஃபின்யோனை 8 விநாடிகளில் முந்திப் பட்டம் வென்றார்.

ஏறுவது கஷ்டம்... இறங்குவது ஆபத்து!

நீஸின் மலையில் ஏறும்போது வேகம் குறைவு. காற்று பெரிய விஷயமில்லை, எடைதான் விஷயம். ட்ரையத்லான் பைக் பொதுவாகக் கொஞ்சம் கனம். இங்கே ரோடு பைக்குக்கு ஒரு மதிப்பெண்.

இறக்கத்தில்தான் நிஜமான சோதனை. ஒரு பக்கம் பாறைச்சுவர், மறுபக்கம் பள்ளம், அடுத்து என்ன வருகிறது என்று தெரியாத கொண்டை ஊசி வளைவுகள். பிரேக்கைத் தேடிக் கை நகரும் அந்த அரை விநாடிக்குள் சைக்கிள் பல மீட்டர் பாய்ந்துவிடும். நேரம் போனால் ஓட்டத்தில் பிடித்துக்கொள்ளலாம். விழுந்தால்?

அன்று ஜெயித்தவர், 24 வயதான பிரான்ஸ் வீரர் சாம் லெய்ட்லோ. அவர் ஓட்டியது ட்ரையத்லான் பைக். சைக்கிள் பகுதியை 4 மணி 31 நிமிடங்களில் முடித்தார். 'அப்போ அதுதானே சிறந்தது?' என்று அவசரப்பட வேண்டாம். அவர் பைரனீஸ் மலைப்பகுதியில் வளர்ந்தவர். சைக்கிள் அவருக்குத் தொழில்.

ஆனால், இந்தப் போட்டிக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் வேலைக்குப் போகிறவர்கள். விடியற்காலையில் பயிற்சி, பிறகு ஆபீஸ், குடும்பம் என்று பல வருடங்கள் ஓடி, வாழ்க்கையில் ஒருமுறை கிடைக்கும் வாய்ப்பாக வருகிறவர்கள். அவர்கள் பத்திரமாக வீடு திரும்புவதும் முக்கியம்தானே?

எதை வாங்கலாம்?

* வீட்டில் ஒரே ஒரு சைக்கிள்தான் என்றால் ரோடு பைக். மலை, நகரம், நண்பர்களோடு கூட்டமாகப் போவது என எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

* நீண்ட சமதளப் போட்டிகளே குறி, தனியாகவே பயிற்சி என்றால் ட்ரையத்லான் பைக். ஆனால், மணிக்கணக்கில் குனிந்திருக்கக் கழுத்தும் இடுப்பும் சம்மதிக்க வேண்டும்.

* நடுவழியும் உண்டு. ரோடு பைக்கிலேயே முழங்கைக் கம்பியைத் தனியாக வாங்கி மாட்டலாம். புது சைக்கிள் வாங்கும் செலவில் சிறு பங்குதான் ஆகும். எந்தப் போட்டியில் அதற்கு அனுமதி என்று விதிமுறையை மட்டும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

* எதை வாங்கினாலும் போட்டிக்கு முன் இறக்கத்தில் நன்றாக ஓட்டிப் பழக வேண்டும்.

சாம்பியன்ஷிப் 2026-ல் முழுதாகக் கோனாவுக்கே திரும்புகிறது. நீஸின் மலைகள் எங்கும் போகப்போவதில்லை. போட்டியாளராக இல்லாவிட்டாலும் ஒரு ரோடு பைக்கை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, பாறை உச்சியில் ஒட்டிவைத்தது போல நிற்கும் கூர்தோன் கிராமம் வரை ஏறிப் பார்க்கலாம். மேலே நின்றால் புறப்பட்ட கடல் தூரத்தில் நீலமாகத் தெரியும். இறங்கும்போது மட்டும் விரல்கள் பிரேக்கிலேயே இருக்கட்டும். கீழே சூடான சோக்கா காத்திருக்கும்!