ஊசி போடாத டாக்டர்கள் ஊர்!

டெல்லிக்குப் போகிறவர்கள் கழுத்து வலிக்கக் குதுப் மினாரைப் பார்ப்பார்கள், கரோல்பாக்கில் ஸ்வெட்டர் வாங்குவார்கள், திரும்பிவிடுவார்கள். குதுப் மினாரிலிருந்து ஆட்டோவில் கொஞ்ச தூரம் போனால் ஒரு காடு வரும். அந்தக் காட்டுக்குள் டாக்டர்கள் தயாராகிறார்கள். தலைவலி என்று போய் நிற்காதீர்கள். ஊசி போடத் தெரியாது. ஒரே ஒரு கேள்வியோடு ஐந்தாறு வருஷம் குடித்தனம் நடத்துகிறவர்கள் இவர்கள்!

ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம். செல்லமாக ஜே.என்.யு. 1969-ல் ஆரம்பித்தது. ஆயிரம் ஏக்கருக்கு மேல் ஆரவல்லிப் பாறை, செங்கல் கட்டடங்கள், மயில்கள். அதிர்ஷ்டம் இருந்தால் நீல்காய் மானும் தரிசனம் தரும். திரும்பின பக்கமெல்லாம் சீமைக் கருவேலம். ராமநாதபுரத்துக்காரரைக் கண்ணைக் கட்டிக் கொண்டுவந்து இறக்கினால், 'அட, ஊருக்கே வந்துட்டமா?' என்பார்.

ஹாஸ்டல்களுக்கெல்லாம் நதிகளின் பெயர். 'பெரியார்' என்று போர்டைப் பார்த்ததும் நமக்கு ஈரோடு ஞாபகம் வரும். இல்லையாம்... கேரளத்தில் ஓடும் பெரியாறு! காவிரியும் உண்டு. காவிரி என்றால் தகராறு இல்லாமலா? 2022 ஏப்ரலில் ராம நவமி அன்று காவிரி ஹாஸ்டலில் அடிதடி. மெஸ்ஸில் கறி போடவிடாமல் தடுத்தார்கள் என்றது ஒரு கோஷ்டி. பூஜையைத் தடுத்தார்கள் என்றது இன்னொரு கோஷ்டி. சம்பவம் ஒன்று, கதை இரண்டு. அரசியல் படிக்கிறவனுக்கு இதைவிட நல்ல லேபரட்டரி எங்கே கிடைக்கும்?

அரசியலில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கும் நம்மூர்ப் பையன் ஒருவர் அங்கே சிக்கினார். பெயர் வேண்டாம், 'தஞ்சாவூர்த் தம்பி' என்று வைத்துக்கொள்வோம். ராத்திரி பதினொரு மணி, கையில் டீ. கேட்டேவிட்டேன்.

"ஏம்ப்பா, அரசியல்ல ஆராய்ச்சி பண்ண என்ன இருக்கு? நம்ம ஊர் டீக்கடையில தினம் நாலு பேர் பண்றாங்களே?"

"டீக்கடையில பதிலைக் கையில வெச்சுக்கிட்டுப் பேசுவாங்க சார். இங்க கேள்வியை மட்டும் குடுத்து வெளிய தள்ளிடுவாங்க!"

அவருடைய கேள்வி பஞ்சாயத்துத் தலைவிகள் பற்றியது. 1992-ல் 73-வது அரசியல் சட்டத் திருத்தம் வந்தது. பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் என்றது. தமிழ்நாட்டில் 2016-ல் அதைப் பாதியாக உயர்த்தினார்கள். ஒதுக்கீடு சுழற்சியில் ஒரு ஊரைவிட்டு நகர்ந்ததும், தலைவியாக இருந்த அம்மாள் பொதுத் தொகுதியில் மறுபடி நிற்கிறாரா, இல்லை அடுப்படிக்குத் திரும்பிவிடுகிறாரா? 'எல்லாம் புருஷன்தான் ஆளுறான்' என்று டீக்கடையில் ஒரே வரியில் முடித்துவிடுவோம். தம்பிக்கு அது செல்லாது. எத்தனை ஊர், எத்தனை பேர், யார் நின்றார், யார் ஜெயித்தார், கையெழுத்து யாருடையது என்று கிராமம் கிராமமாக அலைந்து எழுதியாக வேண்டும்.

அதற்கு முன்னால் சம்பிரதாயங்கள் வேறு. முதலில் நெட் பரீட்சை. 2024-லிருந்து இங்கே பி.எச்டி. சேர்க்கையே அந்த மார்க்கை வைத்துத்தான். அப்புறம் ஒரு கைடு அமைய வேண்டும். யு.ஜி.சி. கணக்கில் ஒரு புரொபசர் ஒரே சமயத்தில் எட்டுப் பேருக்கு மேல் எடுக்கக்கூடாது. ஆக, மாப்பிள்ளை கிடைப்பதைவிடக் கைடு கிடைப்பது கஷ்டம்! பிறகு கோர்ஸ் ஒர்க், சினாப்சிஸ், ஒன்பது மாடி லைப்ரரியில் தவம், ஃபீல்ட் ஒர்க். கடைசியில் தீஸிஸ். அதை வெளியிலிருந்து இரண்டு பேர் திருத்தி, 'பரவாயில்லை' என்ற பிறகுதான் வைவா.

சரி, சாப்பாட்டுக்கு? ஆபீஸ் போகிறவர்கள் பேனாவை எடுங்கள். நெட்டில் ஜே.ஆர்.எஃப். தேறினால், 2023-ல் உயர்த்திய கணக்குப்படி முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய். பிறகு 42,000. மொத்தம் ஐந்து வருஷம். ஆனால் பி.எச்டி.க்கு ஆறு வருஷம் வரை டயம் உண்டு. ஆறாவது வருஷம்? அதைத்தான் தம்பியும் டீ கிளாஸை உருட்டிக்கொண்டே யோசிக்கிறார். ஜே.ஆர்.எஃப். தேறாத மற்றவர்களுக்கு யு.ஜி.சி.யின் உதவித்தொகை மாதம் 8,000. அதில் ஃபீல்ட் ஒர்க்குக்குப் பஸ் டிக்கெட்டும் எடுக்க வேண்டும்!

ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்து போன் வரும். அம்மா கேட்பது ஒரே கேள்வி: "எப்பப்பா முடிப்பே?" கூடப் படித்தவன் வீடு கட்டி, பையனை எல்.கே.ஜி.யில் சேர்த்துவிட்டான். இவருக்கு முப்பது நெருங்குகிறது, இன்னமும் 'ஸ்டூடண்ட்'. கைடைச் சமாளிக்கலாம். அம்மாவைச் சமாளிக்க எந்தப் புஸ்தகமும் இல்லை.

முடித்தவர்கள் என்ன ஆனார்கள்? அணு ராஜதந்திரத்தை ஆராய்ந்து இங்கே டாக்டரான ஜெய்சங்கர் 2019-ல் வெளியுறவு மந்திரியானார். நேபாளம் ஏன் பின்தங்கியது என்று 1986-ல் தீஸிஸ் கொடுத்த பாபுராம் பட்டராய், 2011-ல் அந்த நாட்டுக்கே பிரதமர். சீதாராம் யெச்சூரியும் பொருளாதாரத்தில் பி.எச்டி.க்குச் சேர்ந்தார். 1975-ல் எமர்ஜென்சி வந்தது. கைதானார், படிப்பு நின்றுபோனது. அரசியலை ஆராயும் ஊரில் அரசியலே வந்து கதவைத் தட்டினால், தீஸிஸாவது ஒன்றாவது!

இவர்களெல்லாம் விதிவிலக்கு. மற்றவர்கள் காலேஜ் வேலைக்கு மனுப் போடுவார்கள், கெஸ்ட் லெக்சரராக இழுத்துக்கொண்டு இருப்பார்கள், சிலர் ஐ.ஏ.எஸ். பரீட்சைக்குத் திரும்புவார்கள். தம்பியிடம் இதையும் கேட்டேன்: "வேலை கிடைக்கலேன்னா?"

"எங்க மாவட்டத்துல ஒரு தலைவி அஞ்சு வருஷம் நாற்காலியில உக்காரவே விடலைன்னு சொன்னாங்க சார். அதை இதுவரைக்கும் யாரும் எழுதி வெக்கலை. நான் எழுதிட்டேன். அது நிக்கும் இல்ல?"

டீ ஆறிப்போயிருந்தது. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இதைப் படித்துவிட்டு ஃபைலை மூடிவைத்து யோசிக்கும் ஆபீஸ் நண்பர்களுக்கு ஒரு தகவல். யு.ஜி.சி.யின் 2022 விதிகள், பல்கலைக்கழகம் இடம் தந்தால் வேலையில் இருந்தபடியே பகுதிநேரமாகவும் பி.எச்டி. பண்ணலாம் என்கின்றன. ஆபீஸிலிருந்து 'ஆட்சேபணை இல்லை' என்று ஒரு கடிதம் வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

வீட்டிலிருந்தும் ஒன்று வாங்கிவிடுவது உத்தமம்!