75 எம்.எம். ஆசை!

எட்டாவது படிக்கும்போது ஒரு தீபாவளி. வெடிக்காத பட்டாசுகளைப் பொறுக்கி, மருந்தை உதிர்த்து, பழைய இரும்புக் குழாய்க்குள் கொட்டினோம், நானும் என் நண்பனும். எங்க பிளான் ராக்கெட். கிடைத்தது 'டமால்!' தள்ளி நின்றதால் நான் தப்பித்தேன். அவனுக்கு வலது கை வெந்துபோச்சு. அப்பா விட்டது ஒரே அறைதான். ஆனா, அதுக்கப்புறம் ரெண்டு வீட்டிலும் ராக்கெட் என்று வாயைத் திறக்க முடியாது. அவன் அன்னியிலிருந்து கம்பி மத்தாப்புகூட கொளுத்துவதில்லை.

இப்போ இன்ஜினீயரிங் படிக்கிறேன். ஆசை மட்டும் போகலை. 43.5 மீட்டர் உயரம், 640 டன் எடையோட எல்.வி.எம்.-3 கிளம்பும்போது டி.வி. முன்னாடி கை தட்டலாம். அவ்வளவுதான், கிட்ட நெருங்க முடியாது. ஆனா, பழைய ராக்கெட் கதைகளைப் படிச்சுப் பாருங்க... 'அட, இது நம்ம கைக்கு எட்டுமே'னு தோணும். மாடல் ராக்கெட் விடுற ஆளுங்க பழைய வரலாற்றைக் கட்டிக்கிட்டு அழுறதுக்குக் காரணமே அதுதான்.

1926 மார்ச் 16. அமெரிக்காவில் ஆபர்ன் என்ற ஊர். ராபர்ட் கோடார்ட் தன் உறவுக்காரப் பெண்மணியின் தோட்டத்தில், பெட்ரோலும் திரவ ஆக்சிஜனும் ஊற்றி ஒரு ராக்கெட் விடுகிறார். உலகத்தின் முதல் திரவ எரிபொருள் ராக்கெட்! பறந்தது இரண்டரை விநாடி. உயரம் 41 அடி. விழுந்தது முட்டைக்கோஸ் பாத்தியில். நம்ம ஊர் தென்னை மரமே அதைவிட உசரம் பாஸ்!

அவ்வளவு தூரம் எதுக்கு? நம்ம மலைக்கு அந்தப் பக்கம் தும்பா இருக்கே! சர்ச் கட்டடத்தையே ஆபீஸ் ஆக்கிக்கிட்ட மீனவ கிராமம். 1963 நவம்பர் 21-ம் தேதி, அமெரிக்கா கொடுத்த நைக்-அப்பாச்சி ராக்கெட் கிளம்பியது அங்கிருந்துதான். தூக்கி நிறுத்தும்போது கிரேன் ஹைட்ராலிக்ஸ் மக்கர் பண்ண, ஆட்களே தோள் கொடுத்து ராக்கெட்டைச் சரிப்படுத்தியதை 'அக்னிச் சிறகு'களில் சொல்கிறார் நம்ம ராமேஸ்வரத்து கலாம். நாலு வருஷம் கழித்து, 1967 நவம்பர் 20-ல் நம்மவர்களே செய்த முதல் ராக்கெட். பெயர் ரோகிணி 75. அந்த 75 என்ன தெரியுமா? விட்டம், மில்லிமீட்டரில்! தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்ச வாங்குறோமே 75 எம்.எம். பி.வி.சி. பைப், அதே பருமன். படித்த அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை.

உடனே பைப்பைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிடாதீங்க. மாக்ஸ் வாலியே என்ற ராக்கெட் கில்லாடி, 1930-ல் பெர்லினில் என்ஜின் வெடித்து இறந்துபோனார். 1957-ல் ஸ்புட்னிக் பறந்ததும், அமெரிக்கப் பையன்கள் எங்களை மாதிரியே இரும்புக் குழாயில் மருந்தை அடைத்துக் கையைச் சுட்டுக்கொண்டார்கள். அதற்கு வழி கண்டுபிடித்தவர்களில் ஒருத்தர், ஆர்வில் கார்லைல், செருப்புக்கடைக்காரர்! உடம்பு காகிதத்தில் இருக்கணும், உலோகம் கூடாது. மருந்தை நீயே அடைக்காதே, ரெடிமேடாக வரும் சின்ன மோட்டாரை மாற்றி மாற்றிப் போடு. இந்த ரெண்டு விதி எட்டாவதில் எங்களுக்குத் தெரிஞ்சிருந்தா, அவன் கை இன்னிக்கு வழவழப்பா இருந்திருக்கும்.

போன லீவில் மறுபடி கிளம்பினேன். இந்தத் தடவை நெருப்பே கிடையாது. ரெண்டு லிட்டர் கூல்டிரிங்க்ஸ் பாட்டில், மூணில் ஒரு பங்கு தண்ணி, மீதி காற்று. அப்பா ஒரு வார்த்தை பேசாம சைக்கிள் பம்ப்பை எடுத்துக் கொடுத்தார். கம்பம் பக்கம் அறுவடை முடிந்த வயல். நண்பனைக் கெஞ்சித்தான் கூட்டிப் போனேன். "நான் பக்கத்தில் வர மாட்டேன் மாப்ள"னு 20 மீட்டர் தள்ளியே நின்றான். 'சரி, உயரத்தையாவது அள'ன்னு பாகைமானியில் நூலும் கல்லும் கட்டிக் கொடுத்தேன்.

கயிற்றை இழுத்ததும்... விர்ர்ர்! 35 டிகிரி என்று கத்தினான். கணக்குப் போட்டால் 14 மீட்டர். அவன் கண் உயரத்தையும் சேர்த்தால் பதினைந்தரை. கோடார்டை ஜெயிச்சுட்டோம்! அப்புறம்தான் உறைத்தது. நாங்க அடிச்ச காற்று ஒரு நொடியில் காலி. அவர் ராக்கெட் தன் எரிபொருளைத் தானே சுமந்து, எரித்துக்கொண்டே ஏறியது. அந்த இரண்டரை விநாடியைத் தொட நாங்க இன்னும் நிறைய படிக்கணும்.

இன்னொரு கணக்கும் போட்டேன். 1963-ல் அந்த ராக்கெட் சாயங்கால வானத்தில் சோடியம் புகையைக் கக்கியது. ஆரஞ்சு நிறத்தில் மேகமாகப் படர்ந்ததாம். தும்பாவிலிருந்து கம்பத்துக்கு நேர்கோட்டில் சுமார் 140 கிலோமீட்டர். 100 கிலோமீட்டர் உயரத்தில் புகை நின்றால் இங்கிருந்து எத்தனை டிகிரி? அதே 35! மழை மேகம் மட்டும் மறைக்காமல் இருந்திருந்தால், மலைக்கு மேலே இந்த வயலிலிருந்தே பார்த்திருக்கலாம்.

அவனிடம் சொன்னேன். தழும்புக் கையால் பாகைமானியைத் தென்மேற்கே திருப்பி, 35-ல் நிறுத்தி, கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கிட்டே இருந்தான். அப்புறம் கேட்டான்:

"பம்ப்பை இங்க கொண்டா. இந்தத் தடவை நான் அடிக்கிறேன்!"