சீசன் டிக்கெட்

ஓ.பி.யில் "என்ன வேலை பார்க்குறீங்க?"ன்னு கேட்டா, சிலருக்குப் பதில் வர ரெண்டு செகண்ட் ஆகும். அந்த ரெண்டு செகண்டைப் பற்றித்தான் இந்த த்ரெட். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாத்தியிருக்கேன்.)

அவருக்கு 46 வயசு. நெஞ்செரிச்சல், தூக்கமில்லை, சுகர் ஏறிக்கிட்டே போகுது. ரெண்டு தடவை கேஸ் மாத்திரை எழுதி அனுப்பிட்டேன். வெளியே அவ்வளவு பெரிய வரிசை நிக்கும்போது வேற என்ன செய்யன்னு சொல்லிக்கலாம், ஆனா தப்பு என்னோடதுதான். மூணாவது தடவைதான் கேட்டேன்: "அண்ணே, காலையில எந்திரிச்சதுல இருந்து படுக்குற வரைக்கும் என்ன பண்றீங்க?"

மறைமலைநகர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை போய் ஏழு மாசம். வீட்டில் சொல்லல. காலை 7 மணிக்கு டிபன் பாக்ஸோட கிளம்பி, தாம்பரத்தில் லோக்கல் ரயில் ஏறி பீச் வரை போவார். அங்கிருந்து செங்கல்பட்டு. திரும்பவும் பீச். சீசன் டிக்கெட் இருக்கு, ஃபேன் இருக்கு, யாரும் எதுவும் கேட்கமாட்டாங்க. மதியம் பிளாட்பாரத்தில் சாப்பாடு. சாயங்காலம் "ஷிப்ட் முடிஞ்சு" வீடு.

2022 ஜூலையில் ஃபோர்டு மறைமலைநகரில் உற்பத்தியை நிறுத்தினப்போ பேப்பர்ல வந்துச்சு. சின்னக் கம்பெனியில் பத்துப் பத்துப் பேரா அனுப்பினா எதுலயும் வராது.

ஆஸ்திரியாவில் மரியந்தால்னு ஒரு ஊர். 1930 வாக்கில் துணி ஆலையை மூடினதும் ஊருக்கே வேலை போச்சு. மாரி யஹோடாவும் கூட்டாளிகளும் அங்கே போய், ஒரு நாளை மணிவாரியா எழுதித் தரச்சொல்லி மக்கள்கிட்ட வாங்கினாங்க; 1933-ல் அது புத்தகமா வந்துச்சு. ஆண்கள் எழுதினதுல எந்திரிச்சது, சாப்பிட்டது, படுத்தது தவிர பெருசா ஒண்ணுமில்ல. நேரம் எக்கச்சக்கமா இருந்தும் நூலகத்துல புத்தகம் எடுக்குறதுகூட குறைஞ்சுபோச்சு. தெருவுல ஆண்கள் நின்னு நின்னு நடந்தாங்க. பெண்கள் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு வேகம். சம்பள வேலைதான் போச்சு, வீட்டு வேலை போகலையே!

மெப்ஸில் எக்ஸ்போர்ட் கம்பெனி வேலை போன ஒரு அக்கா, இடுப்பு வலின்னு வந்தாங்க. ஹீமோகுளோபின் 8. அதே கேள்வியைக் கேட்டேன். "சும்மாதான் சார் இருக்கேன்."

அந்தச் சும்மா இதுதான்: அஞ்சு மணிக்குத் தண்ணி பிடிக்கணும், சமையல், மாமியார் கால் புண்ணுக்குக் கட்டு, கொழுந்தனார் பிள்ளையை ஸ்கூல்ல விட்டுக் கூட்டிட்டு வரணும் ("நீ வீட்லதானே இருக்கே"). காலைச் சாப்பாடு பதினொன்றரைக்கு, மிச்சம் இருந்தா. வேலைக்குப் போனப்போ அவங்களுக்குன்னு ஒரு டிபன் பாக்ஸாவது இருந்துச்சு.

2024 தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்றவங்கள்ல பெண்கள் ஒரு நாளைக்கு 289 நிமிஷம், ஆண்கள் 88.

நானும் எம்.பி.பி.எஸ். முடிச்சு போஸ்டிங் வர்ற வரைக்கும், எந்தக் கல்யாணத்துக்கும் போகாம ஒளிஞ்சவன்தான். உங்க வீட்டில் வேலை போனவர் ரெண்டு வாரத்துக்கு மேல தூங்கல, எதுலயும் பிடிப்பில்ல, செத்துடலாம்னு பேசுறார்னா, அது சோம்பேறித்தனம் இல்ல. அரசு மருத்துவமனை மனநல ஓ.பி.க்குக் கூட்டிட்டு வாங்க. 104 இருக்கு, டெலி மனஸ் 14416 இருக்கு. இலவசம், ராத்திரியும் எடுப்பாங்க.

அவர் போன மாசம் மனைவியோட வந்தார். வேலை இன்னும் கிடைக்கல. மதியம் வீட்லயே சாப்பிடுறாராம்.

அந்த அக்காவைப் பத்து நாள்ல வரச் சொல்லியிருந்தேன். வரல.