மாமியும் மர்மத் தொடர்களும்

மர்மத் தொடர்களில் எழுதாத ஒரு சட்டம் இருக்கிறது. முதலாவது பகுதியில் ஒருவரைக் காணாமல் போக வைத்தால், கடைசிப் பகுதிக்குள் அந்த ஆளையோ அல்லது எலும்பையோ கண்டுபிடித்துக் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காவிட்டால் சனம் திட்டும். டென்மார்க்காரன், ஐஸ்லாந்துக்காரன், இங்கிலாந்துக்காரன் எல்லாரும் இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்கள்தான். 2007 இல் வந்த டெனிஷ் தொடர் 'த கில்லிங்' ஒரேயொரு பெட்டையின் கொலையைத் துப்புத் துலக்க 20 பகுதிகள் எடுத்துக்கொண்டது. ஆனாலும் கடைசியில் கண்டுபிடித்தார்கள்.

நான் பெரிய சினிமாப் பைத்தியம் இல்லை. கமெரா கோணம், ஒளியமைப்பு பற்றியெல்லாம் எழுதுகிற ஆட்கள் வேறே. வேலையால் வந்து, சாப்பிட்டு, பிக்கரிங்கின் முடியாத குளிர்கால இரவுகளில் ரிவிக்கு முன்னால் சரிகிற ஆள். எனவே இங்கே வருவதெல்லாம் ஒரு சாதாரண பார்வையாளனின் அபிப்பிராயம்தான். அதிலும் பாதி மாமியுடையது. மாமி என்றால் மனைவியின் தாயார். 2013 இல் வவுனியாவில் இருந்து வந்தவர். ஆங்கிலம் 'யெஸ், நோ, தாங்க்யூ' அளவில் நிற்கிறது. ஆனால் ரிமோற் அவர் கையில்.

எங்களை வைத்து மற்றவர்கள் எடுத்த திரில்லர்களை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். அதில் மினக்கெட அதிகம் இல்லை.

'மெட்ராஸ் கஃபே' 2013 இல் வந்தது. ஜோன் ஆபிரகாம் இந்திய உளவாளி. இயக்கத்துக்கு எல்.ரி.எவ். என்று பெயர். தலைவருக்கு அண்ணா பாஸ்கரன் என்று பெயர். தமிழ்நாட்டுத் தியேட்டர்களில் எதிர்ப்பால் ஓடவில்லை. படம் விறுவிறுப்பாகத்தான் போகிறது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் இந்திய இராணுவம் எங்கள் ஊர்களில் நின்ற காலத்தைக் கண்ட ஒருவருக்கு அந்த விறுவிறுப்பு தொண்டைக்குள் இறங்காது. 1987 ஒக்ரோபர் 21, 22 இல் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் நோயாளிகளும் வைத்தியர்களும் தாதிமாருமாக 60 பேருக்கு மேல் சுடப்பட்டார்கள். அதை வைத்து ஆரும் திரில்லர் எடுத்ததை நான் காணவில்லை.

2021 ஜூனில் அமேசனில் வந்த 'த ஃபமிலி மான்' இரண்டாவது பருவத்துக்கும் அதே எதிர்ப்பு. தடை செய்யச் சொல்லித் தமிழ்நாட்டு அமைச்சர் மனோ தங்கராஜ் மத்திய அரசுக்குக் கடிதமே எழுதினார். நான் தடைகளுக்கு ஆதரவில்லை. என்னுடைய கோபம் வேறே. சமந்தாவின் முகத்தில் அவ்வளவு கருப்பைப் பூசினவர்கள், வாயில் கொஞ்சம் யாழ்ப்பாணத் தமிழையும் பூசியிருக்கலாம். எங்கள் ஆட்கள் படம் பார்க்கும்போது முதலில் கேட்பது காதுதான். கதை பிறகு. "உது மெட்ராஸ் தமிழ்" என்று மாமி ஒரு சொல்லில் தீர்ப்புச் சொன்னார். பத்து நிமிடத்தில் சமையலறைக்குப் போய்விட்டார்.

2025 ஜூலையில் சோனிலிவ்வில் வந்த 'த ஹன்ற்' கொஞ்சம் திறம். நாகேஷ் குக்குனூர் எடுத்தது. ராஜீவ் காந்தி கொலை வழக்கின் 90 நாள் விசாரணை. குண்டு வெடித்த இடத்தில் படம் பிடித்த அரிபாபு செத்துப்போக, அவருடைய கமெராவும் அதற்குள் இருந்த பிலிமும் தப்பியது உண்மையில் நடந்தது. எந்தக் கதாசிரியனும் துணிந்து எழுதாத திருப்பம் அது. இந்தத் தொடர் பொலிஸ்காரரின் பிழைகளையும் தாமதங்களையும் மறைக்காமல் காட்டுகிறது. அதனால் பார்க்கலாம்.

'தீபன்' பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பிரெஞ்சு இயக்குநர் ஜாக் ஓடியார் எடுத்து 2015 இல் கான் விழாவில் தங்கப் பனை வாங்கியது. நடித்தவர் ஷோபாசக்தி. அல்லைப்பிட்டி மனுசன், எனவே தமிழுக்குக் குறையில்லை. செத்தவர்களின் பாஸ்போட்டில், ஒருவருக்கொருவர் உறவில்லாத ஒரு ஆணும் பெண்ணும் ஒரு சிறுமியும் குடும்பமாக நடித்துக்கொண்டு பிரான்ஸுக்குப் போகிறார்கள். இதில் மாமி எழும்பவே இல்லை. "கள்ளப் பாஸ்போட்டில வந்ததுகள் உண்மைக் குடும்பமாய்ப் போச்சுதுகள்" என்றார். ஆனால் கடைசிக் கட்டத்தில் தீபன் கத்தியும் துவக்குமாகப் படியேறிப் போகிறாரே, அங்கே அந்தப் படம் திடீரென்று வேறு படமாகிவிடுகிறது. முன்னாள் போராளி என்றால் கடைசியில் ஒருக்கால் அடிபட்டே ஆகவேணும் என்று வெள்ளைக்காரனுக்கு ஒரு எண்ணம். எனக்குத் தெரிந்த முன்னாள் போராளிகள் இங்கே ட்ரக் ஓட்டுகிறார்கள், பிள்ளைகளை நீச்சலுக்குக் கூட்டிக்கொண்டு போகிறார்கள், பார்க்கிங் டிக்கற் வந்தால் பயந்து அடுத்த நாளே கட்டுகிறார்கள்.

சரி, இனி மாமியின் தொடருக்கு வருவோம்.

'அன்ஃபொர்கொற்றன்' என்று ஒரு பிரிட்டிஷ் தொடர். 2015 இல் தொடங்கியது. இங்கே பஃபலோவில் இருந்து வரும் பி.பி.எஸ். சனலில் போனது. முதலாம் பருவத்தில், லண்டனில் ஒரு பழைய வீட்டை இடிக்கும்போது நிலவறையில் ஒரு எலும்புக்கூடு கிடைக்கிறது. ஜிம்மி சலிவன் என்ற இளம் பெடியன், 1976 இல் காணாமல் போனவன். 39 வருசம். காஸி என்ற பெண் பொலிஸ் அதிகாரியும் அவருடைய உதவியாளர் ஸனியும் இந்த ஒற்றை எலும்புக்கூட்டை எடுத்துக்கொண்டு ஆறு பகுதிகளுக்கு அலைகிறார்கள். துவக்குச் சூடு இல்லை. கார் துரத்தல் இல்லை. சந்தேக நபர்கள் எல்லாம் வயதுபோனவர்கள். ஒருவர் பாதிரியார், ஒருவர் பெரிய பணக்காரர், ஒருவர் சக்கர நாற்காலியில் இருப்பவர். காஸி அவர்களிடம் போய் மெதுவாகக் கேள்வி கேட்கிறார். அவ்வளவுதான் தொடர்.

இதை மாமி எப்படித் தொடர்ந்தார் என்பது எனக்கு இப்பவும் ஆச்சரியம். ஒவ்வொரு காட்சிக்கும் நான் பக்கத்தில் இருந்து தமிழில் சொல்ல வேண்டும். சுருக்கிச் சொன்னால் கண்டுபிடித்துவிடுவார். "இல்லை, அவ கனக்கக் கதைச்சவ, நீர் ரெண்டு சொல்லுத்தான் சொன்னனீர்." ஜிம்மியின் தாய் இன்னும் உயிரோடு இருக்கிறார். காஸி அந்தக் கிழவியின் வீட்டுக்குப் போய், உங்கள் மகன் கிடைத்துவிட்டான் என்று சொல்கிற இடம் வந்தது. நான் மொழிபெயர்க்க வாயெடுக்க, மாமி கையைக் காட்டி நிறுத்தினார். பிறகு கேட்டார். "39 வருசத்துக்குப் பிறகும் தேடுவினமோ, தம்பி?" தொடரில் தேடுவார்கள் என்றேன். "தொடரிலதானோ?" இல்லை, அங்கே பழைய வழக்குகளைப் பார்க்க உண்மையிலும் பொலிஸில் தனிப் பிரிவுகள் இருக்கின்றன என்றேன். அதற்கு மேல் கேட்கவில்லை.

மாமியின் கடைசிப் பெடியன் 2009 ஏப்ரலில் வலைஞர்மடத்தில் காணாமல் போனவன். 19 வயது. தண்ணி எடுக்கப் போனவன். ஆர் கொண்டுபோனது, இல்லாவிட்டால் என்ன நடந்தது என்பதை மாமி ஒருநாளும் சொன்னதில்லை. நாங்களும் கேட்பதில்லை. அவர் கொண்டுவந்த சூட்கேசில் சீலைகளுக்குக் கீழே ஒரு பிளாஸ்ரிக் உறை இருக்கிறது. அதற்குள் அவனுடைய பெயரைப் பதிந்த துண்டுகள், நாலைந்து இடத்துத் துண்டுகள்.

இனி ஆவணப்படங்கள். சனல் 4 இன் 'இலங்கையின் கொலைக்களங்கள்' 2011 ஜூன் 14 இல் ஒளிபரப்பானது. அதன்பிறகு கலம் மக்ரே எடுத்த 'நோ ஃபயர் ஸோன்' 2013 இல் வந்தது. யுத்தத்தின் கடைசி 138 நாட்கள். சனம் தாங்களே எடுத்த படங்களும், சிங்கள இராணுவத்தினர் வெற்றிச் சின்னம் மாதிரிக் கைத்தொலைபேசியில் எடுத்துவைத்த படங்களும். இந்தப் படத்தைத் திரையிட்டதற்காக மலேசியாவில் லீனா ஹென்றி என்ற பெண் செயற்பாட்டாளரை நீதிமன்றத்துக்கு இழுத்து, 2017 இல் 10,000 ரிங்கிற் தண்டம் விதித்தார்கள். ஒரு ஆவணப்படத்துக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் தேவையில்லை. ஆவணப்படம் என்ற வகையில் எனக்கு அதில் ஒரே ஒரு குறை, பின்னணி இசை. அந்தக் காட்சிகளுக்கு எந்த இசையும் தேவையில்லை.

2014 மாரியில், மாமி தானாகவே கேட்டுத்தான் அதைப் பார்த்தோம். மனைவிக்கு விருப்பமில்லை. "இஞ்சேருங்கோ, அம்மாவுக்குப் பிரஷர், போடாதேங்கோ" என்று மறித்தார். மாமி விடவில்லை. கணினியை ரிவியில் தொடுத்துப் போட்டேன். அழுவார் என்று நினைத்தோம். அழவில்லை. சன நெரிசல் வரும் இடங்களில் எல்லாம், "நிப்பாட்டும், தம்பி" என்றார். நிப்பாட்டினால் எழும்பிப் போய் திரைக்குக் கிட்ட நின்று பார்ப்பார். பிறகு "சரி, விடும்" என்பார். இப்படி ஒன்றரை மணித்தியாலப் படம் மூன்றரை மணித்தியாலம் போனது. முகங்கள் தெளிவில்லையே மாமி, எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"நான் முகத்தைப் பாக்கேல்லை. சேட்டைப் பாக்கிறன்."

மாமி வட்டக்கச்சியில் தையல் தைத்துக் குடும்பம் பார்த்தவர். அவன் கடைசியாகப் போட்டிருந்தது அவர் தைத்த சேட்டு. பச்சைக் கோடு. துணி பத்தாமல் போனதால் பொக்கற்றைக் குறுக்கே வெட்டித் தைத்தது. கோடெல்லாம் நேராக இறங்க, இடது நெஞ்சில் மட்டும் படுக்கையாகப் போகும். அப்படி ஒரு சேட்டு உலகத்திலேயே ஒன்றுதான் இருக்கும் என்கிறார். தரம் குறைந்த கைத்தொலைபேசிப் படத்தில் முகம் கலைந்துபோகும். கோடு தெரியும்.

ஐ.நா.வின் நிபுணர் குழு 2011 இல் 40,000 பொதுமக்கள் வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்று எழுதியது. ஆவணப்படங்களுக்கு அந்த எண்ணிக்கை தேவை. ஜெனீவாவில் எண்ணிக்கைதான் எடுபடும். நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் மாமி பார்த்த படம் அது இல்லை. அவர் பார்த்தது காஸி பார்க்கிற மாதிரியான படம். ஒரேயொரு ஆள், ஒரேயொரு தடயம். அந்தப் படத்தை இன்னும் ஆரும் எடுக்கவில்லை.

இன்னொரு ஆவணப்படத்தையும் சொல்லாமல் விட்டால் ஒருபக்கம் சாய்ந்ததாகிவிடும். ஜூட் ரட்ணத்தின் 'டீமன்ஸ் இன் பரடைஸ்', 2017 இல் கான் விழாவில் காட்டினார்கள். 83 கலவரத்தோடு தொடங்கி, எங்கள் இயக்கங்கள் ஒன்றையொன்று வேட்டையாடியதற்குப் போகிறது. 2018 இல் யாழ்ப்பாணத்துத் திரைப்பட விழாவில் எதிர்ப்பு வந்து அதைக் காட்டாமல் விட்டார்கள். இங்கேயும் அதைப் பற்றிக் கதைத்தால் சில வீடுகளில் தேத்தண்ணி கிடைக்காது. எனக்கு அதன் எல்லா முடிவுகளோடும் உடன்பாடில்லை. நடந்ததை விடப் படம் சில இடங்களில் சுலபமாகத் தீர்ப்புச் சொல்கிறது. ஆனால் காட்டாமல் விட்டது பிழை. மாமி முழுதும் பார்த்துவிட்டு ஒரு வசனம் சொன்னார். "உதையும் ஆரோ ஒருத்தர் சொல்லத்தானே வேணும்." என்னத்தை நினைத்துச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

2025 கோடைகாலம் முழுக்க எங்கள் வீட்டில் திரில்லரும் இல்லை, ஆவணப்படமும் இல்லை. யூரியூப்பில் செம்மணிதான். 1998 இல் கிருஷாந்தி வழக்கில் தண்டிக்கப்பட்ட சோமரத்ன ராஜபக்ச என்ற சிப்பாய், செம்மணியில் 300, 400 பேரைப் புதைத்திருக்கிறது என்று நீதிமன்றத்தில் சொன்னார். 1999 இல் தோண்டி 15 எலும்புக்கூடுகள் எடுத்தார்கள், அத்தோடு நின்றது. 26 வருசத்துக்குப் பிறகு, 2025 பெப்ரவரியில் அரியாலை சிந்துபாத்தி மயானத்தில் கட்டட வேலைக்குக் கிண்டும்போது எலும்புகள் வந்தன. கதையின் தொடக்கம் அச்சொட்டாக 'அன்ஃபொர்கொற்றன்' மாதிரி. பேராசிரியர் ராஜ் சோமதேவவின் குழு தூரிகையால் மண்ணைத் தட்டித் தட்டி எடுத்தது. செப்டெம்பர் வரைக்கும் 200க்கு மேல். ஒரு சின்னப் பிள்ளையின் எலும்புக்கூட்டோடு நீல நிறப் புத்தகப் பை கிடந்தது. எலும்புக்கூடுகளுக்குப் பெயர் இல்லை, இலக்கம்தான். ஓகஸ்ட் 5 இல் உடுப்புகள், செருப்புகள், பாற்போத்தல் எல்லாவற்றையும் பரப்பி வைத்து, ஆராவது அடையாளம் காட்டுங்கோ என்று சனத்தைக் கூப்பிட்டார்கள்.

வலைஞர்மடத்தில் போனவன் செம்மணியில் இருக்க முடியாது. காலமும் பொருந்தாது, இடமும் பொருந்தாது. மாமிக்கு அது எங்களைவிட நன்றாகத் தெரியும். ஆனாலும் அந்த உடுப்புகளின் வீடியோவை "நிப்பாட்டும், தம்பி" போட்டுப் போட்டுப் பார்த்தார். ஒரு இடத்தில், "உது மெசினில தைச்சதில்லை, கைத்தையல். தாய்தான் தைச்சிருக்கிறா" என்றார்.

கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 இல் தெருவோரம் குந்திய தாய்மாரில் இரண்டு பேர் மாமிக்குத் தெரிந்தவர்கள். ஒருவர் இப்போது இல்லை.

இந்தக் குளிருக்கு மறுபடியும் மர்மத் தொடர் தொடங்கியாயிற்று. 'அன்ஃபொர்கொற்றன்' ஆறு பருவம் வந்துவிட்டது. நாலாவது பருவக் கடைசியில் காஸி கார் விபத்தில் செத்துப்போக, ஐந்தாவதில் இருந்து ஜெஸ் என்று வேறொரு அதிகாரி. நடிப்பில் எனக்குக் குறையொன்றும் தெரியவில்லை. மாமிக்குப் பிடிக்கவில்லை. "இவ அவசரக்காரி, ஆக்களின்ர முகத்தைப் பாத்துக் கதைக்கிறாவில்லை" என்று இரண்டாவது பகுதியோடு நிறுத்தச் சொல்லிவிட்டார். எனவே முதலாம் பருவத்தை மறுபடி போட்டிருக்கிறோம். ஆர் செய்தது என்று தெரிந்துகொண்டு மர்மத் தொடர் பார்ப்பதில் என்ன இருக்கு என்று மகள் கேட்கிறாள். வெள்ளிக்கிழமை மூன்றாவது பகுதி. மொழிபெயர்க்கத் தேவையில்லை, சும்மா பக்கத்தில் இருந்தால் காணும் என்று சொல்லியிருக்கிறார்.