ஆறு அல்பங்களும் ஒரு மெமரி கார்ட்டும்

முதலிலேயே ஒரு விசயத்தைச் சொல்லிவிடுகிறோம். இது உலகின் தலைசிறந்த மெட்டல் அல்பங்களின் பட்டியல் இல்லை. அப்படியொன்று போடும் தகுதி எங்களுக்கு இல்லை. எங்களில் ஒருவருக்கும் கிற்றார் பிடிக்கத் தெரியாது. ஒரு மெட்டல் கச்சேரியைக்கூட நேரில் பார்த்ததில்லை. திருகோணமலையில் உட்துறைமுக வீதிக்குப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில், மூன்று பேர் ஒரு போனில் கேட்ட ஆறு அல்பங்களைப் பற்றித்தான் எழுதுகிறோம்.

மூன்று பேரில் இரண்டு பேர் ஒன்றுவிட்ட சகோதரங்கள், ஒருவனும் ஒருத்தியும். இதை எழுதுவது நாங்கள் இரண்டு பேர்தான். மூன்றாமவன் பக்கத்து வளவில் வாடகைக்கு இருந்தவன், சொந்த ஊர் சம்பூர். இப்போது கட்டாரில் வேலை. ஆனால் பட்டியலில் அவனுக்கும் ஒரு வாக்கு உண்டு.

எல்லாம் 2022 மார்ச்சில் தொடங்கியது. உயர்தரப் பரீட்சை முடிந்து சும்மா இருந்த நேரம். எரிபொருள் இல்லை, காஸ் இல்லை, மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. கரண்ட் போனால் சிக்னலும் செத்துவிடும். யூடியூப் கனவிலும் வராது. அப்போதுதான் போன் திருத்தும் கடை அண்ணா ஒருவர் பழைய 8 ஜிபி மெமரி கார்ட் ஒன்றைத் தந்தார். "இதில இங்கிலீஷ் பாட்டு கிடக்கு, உங்களுக்குப் பிடிக்குதோ தெரியாது" என்றார். உள்ளே பாட்டுகள் இல்லை, அல்பங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் தனித்தனி ஃபோல்டர், ஒன்று முதல் கடைசி வரை இலக்கமிட்டபடி. ஒற்றைப் பாட்டாகவே எதையும் கேட்டுப் பழகிய எங்களுக்கு, ஒரு அல்பம் என்றால் தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு சாமான் என்று அந்தக் கார்ட்தான் காட்டியது.

1. லிங்கின் பார்க் – ஹைப்ரிட் தியரி (2000)

இதை முதலில் போட்டதற்குக் காரணம் இரசனை இல்லை, சார்ஜ். 12 பாட்டு, 38 நிமிசத்துக்குள் முடிந்துவிடும். 20 வீதம் பற்றரி இருந்தாலும் முழுசாகக் கேட்கலாம்.

மெட்டல் 'பெரியவர்கள்' இதை மெட்டல் என்றே ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரியும். ராப்பும் கிற்றாரும் டீஜே கீறலும் கலந்த சாமான். ஆனால் செஸ்டர் பெனிங்டன் ஒரு வரியை மெதுவாகத் தொடங்கி அதே மூச்சில் கத்தலுக்குப் போகும் இடம் இருக்கிறதே, அது எங்களைப் பிடித்து இருத்தியது. எங்கள் வீடுகளில் கத்துவதென்றால் ஒன்று சண்டை, இல்லாவிட்டால் செத்த வீடு. இரண்டும் இல்லாமல் ஒரு மனிசன் கத்தலாம், அதுவும் சுருதியோடு கத்தலாம் என்பது புதினமாக இருந்தது.

அவர் 2017 ஜூலையில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார் என்பதை நாங்கள் அறிந்தது, அல்பத்தை ஒரு இருபது தரம் கேட்ட பிறகு. அதன் பிறகு அதே பாட்டுகள் வேற மாதிரிக் கேட்டன. அவர் அவ்வளவு வெளிச்சமாகச் சொல்லிக்கொண்டிருந்ததை நாங்கள் 'நல்ல ட்யூன்' என்று தலையாட்டிக் கேட்டிருக்கிறோம். அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு பழக்கம். மூன்று பேரில் யாராவது இரண்டு நாள் பேசாமல் இருந்தால், மற்ற இரண்டு பேரும் வீட்டுக்கே போய்விடுவோம்.

2. பிளாக் சபத் – பிளாக் சபத் (1970)

எல்லாம் இங்கேதான் தொடங்கியது என்பார்கள். மழைச் சத்தம், தேவாலய மணி, பிறகு ஒரு கிற்றார். இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரத்துத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் நாலு பேர் கிட்டத்தட்ட ஒரே நாளில் ஒலிப்பதிவு செய்து முடித்த அல்பம்.

கிற்றார்காரர் டோனி அயோமிக்கு 17 வயதில், தகரம் வெட்டும் தொழிற்சாலையில் வேலையின் கடைசி நாளன்று, வலது கையின் இரண்டு விரல் நுனிகள் மெசினுக்குள் போய்விட்டன. அவர் இடக்கைப் பழக்கம். தந்தியை அழுத்த வேண்டியது அந்த வலது கைதான். இனி வாசிக்க ஏலாது என்று இருந்தவரிடம் தொழிற்சாலை ஃபோர்மன் ஒரு இசைத்தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். தீ விபத்தில் இரண்டு விரல் முடங்கிய பிறகும் வாசித்த ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற ஜாஸ் கலைஞருடையது. அயோமி பிளாஸ்டிக் போத்தலை உருக்கி விரலுக்குக் கவசம் செய்து, தோல் ஒட்டி, மெல்லிய தந்தி போட்டு வாசித்தார். சில வருசம் கழித்துத் தந்திகளைத் தளர்த்திச் சுருதியையும் இறக்கினார். மெட்டலின் அந்தப் பாரமான கீழ்ச் சத்தத்தில் பாதி, நொந்த விரலுக்கு வசதி தேடியதில் வந்தது.

எங்கள் ஒழுங்கையில் ஒரு மாமா இருக்கிறார். போட் எஞ்சினில் மாட்டி இரண்டு விரல் போனவர். இந்தக் கதையை அவருக்குச் சொன்னோம். பாட்டைப் போட்டுக் காட்டினோம், அது அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் கதையை முழுசாகக் கேட்டுவிட்டு, "அவனுக்கு ஒரு ஃபோர்மன் இருந்திருக்கிறான்" என்று மட்டும் சொன்னார். பிறகு வலையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

3. மெட்டாலிக்கா – ...அண்ட் ஜஸ்டிஸ் ஃபோர் ஓல் (1988)

இதில்தான் பிரச்சினை வந்தது.

இதற்கு இரண்டு வருசத்துக்கு முன், 1986இல், பேஸ் கிற்றார்காரர் கிளிஃப் பேர்ட்டன் சுவீடனில் பஸ் விபத்தில் இறந்துபோனார். புதிதாக வந்தவர் ஜேசன் நியூஸ்டெட். ஆனால் இந்த அல்பத்தில் அவருடைய பேஸ் கிட்டத்தட்ட கேட்கவே கேட்காது. காரணம் பலவிதமாகச் சொல்லப்படுகிறது. எங்களுக்கு அது ஒரு வீட்டில் செத்தவரின் கதிரையில் யாரையும் இருக்க விடாத மாதிரிப் பட்டது.

அதில் 'வன்' என்று ஒரு பாட்டு. போரில் கை, கால், பார்வை, கேள்வி எல்லாம் இழந்து, உயிர் மட்டும் மிஞ்சிய ஒரு இராணுவ வீரனின் கதை. டால்டன் ட்ரம்போ 1939இல் எழுதிய நாவலில் இருந்து பிறந்தது. மெதுவாகத் தொடங்கிப் பிற்பாதியில் டபுள் பேஸ் ட்ரம் மெசின்கன் மாதிரிப் பொரியும்.

ஒரு நாள் இரவு கரண்ட் வந்த சந்தோசத்தில் அதை ஸ்பீக்கரில் போட்டுவிட்டோம். அந்த இடம் வந்ததும் அம்மா அறைக்குள் வந்தா. (எங்களில் ஒருவனுக்கு அம்மா, மற்றவளுக்குச் சின்னம்மா. இங்கே அம்மா என்றே எழுதுகிறோம்.) ஏசவில்லை. கை நடுங்கிக்கொண்டிருந்தது. "நிப்பாட்டுங்கோ" என்று மட்டும் சொன்னா.

அடுத்த நாள் விறகு அடுப்படியில் இருந்து அம்மா சொன்னதை நாங்கள் அதற்கு முன் கேட்டதில்லை. யுத்த காலத்தில் இரவிரவாகத் துறைமுகத் தண்ணிக்குள் வெடி போடுவார்களாம், தண்ணிக்கு அடியால் நீந்தி யாரும் கப்பலுக்கு வராமல் இருக்க. சத்தம் காதால் வராது, நிலத்தால் வரும். கட்டில் காலால் ஏறும். வயிற்றில் பிள்ளையோடு படுத்திருந்து அதை எண்ணுவாவாம்.

"சத்தம் பெரிசெண்டு பயமில்லை மகன். அடுத்தது எப்ப வருமெண்டு தெரியாது, அதுதான். உங்கட பாட்டில எப்ப வருமெண்டு உங்களுக்குத் தெரியும்தானே?"

நாங்கள் பல்கலைக்கழகத்தில் இசையைப் பற்றி, அழகியலைப் பற்றி எத்தனையோ விரிவுரை கேட்டிருக்கிறோம். சத்தத்துக்கும் இசைக்கும் உள்ள வித்தியாசத்தை இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லித்தரவில்லை. மெட்டல் ஏன் எங்களுக்குத் தேவைப்பட்டது என்பதும் அன்றுதான் விளங்கியது. அதே பேரிரைச்சல்தான். ஆனால் அதற்குத் தாளம் இருக்கிறது, எண்ணலாம், நாலில் முடியும். எங்கள் கையில் ஒரு நிப்பாட்டும் பொத்தானும் இருக்கிறது. அம்மாவுக்கு அது இருக்கவில்லை.

அன்றிலிருந்து வீட்டில் ஹெட்போன் மட்டும்தான்.

4. சிஸ்டம் ஒஃப் எ டவுன் – டொக்சிசிட்டி (2001)

நாலு பேரும் ஆர்மேனிய வம்சாவளி, இருப்பது லொஸ் ஏஞ்சலஸ். 2001 செப்டெம்பர் 4 வெளியான அல்பம். ஒரு கிழமையில் நியூயோர்க் தாக்குதல். அமெரிக்காவில் அல்பம் முதலிடத்தில் இருந்த அதே நேரம், அதன் பிரபலமான பாட்டு 'இப்போது போடாமல் விடுவது நல்லது' என்று வானொலிகளுக்குள் சுற்றிய பட்டியலில் இருந்தது.

இவர்களைப் பற்றி வாசிக்கப்போய்த்தான் 1915 ஆர்மேனிய இனப்படுகொலையை அறிந்தோம். அவர்களின் 1998 முதல் அல்பத்தின் கடைசிப் பாட்டே அதைப் பற்றியதுதான். பாட்டன், பாட்டி தப்பி வந்த கதையைப் பேரப்பிள்ளைகள் 80 வருசம் கழித்து, இன்னொரு நாட்டில், இன்னொரு மொழியில், கிற்றாரோடு கத்துகிறார்கள். இடையிடையே கோமாளித்தனமும் செய்கிறார்கள். துக்கத்தைச் சொல்பவர் எந்நேரமும் அழுதுகொண்டிருக்க வேண்டியதில்லை என்பது எங்களுக்குப் பெரிய விடுதலை.

எங்கள் ஊரில் காந்தி சிலைக்குப் பக்கத்துக் கடற்கரையில் 2006 ஜனவரி 2 அன்று 5 மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கிட்டத்தட்ட எங்கள் இப்போதைய வயது. வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட 13 பேரும் 2019 ஜூலையில் விடுவிக்கப்பட்டார்கள். நாங்கள் கடலை வாங்கித் தின்று, காற்று வாங்கி, செல்ஃபி எடுக்கும் இடமும் அதுதான். ஒரு ஜனவரி 2 அன்று அங்கே நினைவு விளக்கு ஏற்றும்போது போய் நின்றோம். ஒரு சத்தமும் இல்லை, அலை மட்டும். காதில் இருந்ததைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டோம். திரும்பி வரும் வழியில் எங்களில் ஒருத்தி கேட்டாள்: "இதை நாங்கள் 80 வருசம் கழிச்சும் சொல்லுவமா?" யாரும் பதில் சொல்லவில்லை.

5. ஸ்டிக்மாட்டா – சைலண்ட் கேயோஸ் சர்ப்பன்டைன் (2006)

கார்ட்டில் இது இல்லை, பிறகு தேடி எடுத்தது. கொழும்பு பாண்ட். இலங்கையில் மெட்டல் என்றால் முதலில் சொல்லும் பெயர்களில் ஒன்று. வேகமான வாசிப்பு, இடையில் எங்கள் பக்கத்து இசையின் வாசனையும் வரும்.

ஆனால் இதைக் கேட்கும்போதெல்லாம் அந்த வருசம்தான் உறுத்தும். 2006. எங்கள் மூன்றாமவனின் குடும்பம் சம்பூரில் இருந்து உடுத்த உடுப்போடு மட்டக்களப்புப் பக்கம் நடந்த வருசம். அவனுக்கு மூன்று வயது. தகப்பன் தோளில் இருந்ததாக அவனுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. சொந்தக் காணிக்குத் திரும்ப 2015, 2016 வரை காத்திருந்தார்கள். அதே நாட்டில், அதே வருசம், கொழும்பில் ஒரு ஸ்டூடியோவில் சில இளைஞர்கள் இந்த அல்பத்தைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

எங்களுக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொன்னால், பொறாமை. ஆனால் பட்டியலில் இதை வைக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவன் அவன்தான். "அவங்கள் வாசிச்சது பிழையில்லை மச்சான். எங்களுக்கு வாசிக்கக் கிடைக்காததுதான் பிழை" என்றான். அந்த வாக்கு அவனுடையது, எனவே அல்பம் இங்கே இருக்கிறது.

6. ரேடியோஹெட் – ஓகே கொம்பியூட்டர் (1997)

இது மெட்டல் இல்லை, ஆல்டர்நேட்டிவ் ரொக். நடுவில் ஒரு கொம்பியூட்டர் குரல் வரும். நல்ல பிள்ளையாக, ஒழுங்காக, ஆரோக்கியமாக வாழ்வதற்கான அறிவுரைகளை உயிரே இல்லாமல் வாசித்துக்கொண்டு போகும். அவன் வெளிநாட்டுப் படிவங்களை நிரப்பிக்கொண்டிருந்த நாட்களில் அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தோம்.

அவன் போகும் முதல் நாள் இரவு டச்பே கடற்கரையில் இருந்து இதைத்தான் கேட்டோம். இரண்டு காதுக்கு ஒரு ஹெட்போன், மூன்று பேர். பாட்டுக்கு ஒருவர் மாறி மாறி வெளியே இருக்க வேண்டும். கடைசிப் பாட்டின்போது வெளியே இருந்தது அவன். முடிவில் சின்னதாக ஒரு மணி அடிக்கும். "முடிஞ்சுதா?" என்று கேட்டான். அந்த மணி அவனுக்குக் கேட்டிருக்காது. மெமரி கார்ட்டை அவனிடமே கொடுத்துவிட்டோம்.

*

இப்போது வெள்ளிக்கிழமைகளில் வந்தாறுமூலையில் இருந்து மூதூர் வழியாக வரும் பஸ்ஸில் நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு காது. அல்பத்தின் ஒழுங்கை மாற்றுவதில்லை, ஷஃபிள் போடுவதில்லை. நீங்களும் ஒரு தரம் அப்படிக் கேட்டுப் பாருங்கள். ஆறும் வேண்டாம், ஒன்று போதும்.

போன மாதம் வீட்டில் இருந்தபோது ஹெட்போன் பழுது. சபத்தின் முதல் பாட்டை மெல்லிய சத்தத்தில் வைத்திருந்தோம். அம்மா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தா. நிப்பாட்டவா என்று கேட்டோம். வேண்டாம் என்றா. மணி அடித்தது, மழை பெய்தது, அந்த மூன்று சுரம் வந்தது. துருவலை நிறுத்திக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தா.

"இப்ப திரும்ப அதே மூண்டும் வரும், என்ன?"

வந்தது. அம்மா தேங்காயை எடுத்துத் திரும்பவும் துருவத் தொடங்கினா.