பாதியில் நிறுத்தத் தெரிந்தவர்

மாலை ஏழு மணிக்குப் பெங்களூரு அடுகோடி சிக்னலில் நின்றால் ஆம்புலன்ஸ் சத்தம் ஓய்வதே இல்லை. ஒரு பக்கம் போனால் தலைக்காயத்துக்குப் பேர்போன நிம்ஹான்ஸ், மறுபக்கம் போனால் செயின்ட் ஜான்ஸ். ஓசூர் சாலையில் அடிபடுகிறவர்களுக்கு இந்த வட்டாரம்தான் கதி. நான் போனது இவை இரண்டுக்கும் அல்ல, அருகிலுள்ள வேறொரு மருத்துவமனைக்கு. அங்கே விபத்துக்காய அறுவை சிகிச்சை நிபுணர் ஒருவர், தர்மபுரிப் பக்கத்துக்காரர், அனுமதி வாங்கித் தந்திருந்தார். "ஓரமா நில்லுங்க சார், எதையும் தொடாதீங்க" என்றார். அதற்குள் ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டது.

பைக்கிலிருந்து விழுந்த இளைஞர். முழங்காலுக்குக் கீழே எலும்பு வெளியே தெரிந்தது. என் கண் அதைவிட்டு நகரவில்லை; அங்கிருந்த யாரும் அதை முதலில் பார்க்கவில்லை. நர்ஸ் மொட்டை முனைக் கத்தரியால் பேன்ட்டையும் சட்டையையும் கீழிருந்து மேலாக நறுக்கினார். மூச்சுக்குழாய் திறந்திருக்கிறதா, இரு பக்க நெஞ்சும் ஏறி இறங்குகிறதா, நாடி எப்படி, நினைவு எப்படி என்று வரிசை மாறாமல் போனார்கள். ஒருவர் தலையையும் கழுத்தையும் அசையாமல் பிடிக்க, மூன்று பேர் சேர்ந்து மரக்கட்டையைப் போல் உடலைப் புரட்டி முதுகைத் தடவிப் பார்த்தார்கள்.

இந்த வரிசைக்குப் பின்னால் ஒரு துயரம் இருக்கிறது. 1976-ல் ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற அமெரிக்க எலும்பு மருத்துவர் ஓட்டிய சிறு விமானம் நெப்ராஸ்காவில் ஒரு வயலில் விழுந்தது. மனைவி இறந்தார், குழந்தைகள் படுகாயமடைந்தார்கள். உள்ளூர் ஆஸ்பத்திரியில் கிடைத்த சிகிச்சையைக் கண்டு கொதித்துப்போய் அவர் தொடங்கிவைத்த பயிற்சிதான் இன்று உலகெங்கும் கற்பிக்கப்படுகிறது.

பிறகு ஸ்கேன் கருவியை இதயம், கல்லீரல் பக்கம், மண்ணீரல் பக்கம், அடிவயிறு என்று நான்கு இடங்களில் வைத்தார்கள். கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் நடுவே ஒரு கறுப்புக் கோடு. "ரத்தம்" என்றார் டாக்டர். உடனே தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள்.

அவர் திரும்பி வந்து சொன்னதைக் கேட்டுத் திகைத்தேன். "குடலை இன்னும் சேர்க்கல சார். ரத்தத்தை நிறுத்திட்டு, வயித்தைத் தைக்காம மேல உறை போட்டு ஐசியூவுக்கு அனுப்பிட்டேன்." நிறைய ரத்தம் போனவரின் உடல் சில்லிட்டுப்போகும், ரத்தத்தில் அமிலம் ஏறும், உறையும் தன்மை போய்விடும். ஒன்று மற்றதை வளர்க்கும். அந்த நிலையில் மூன்று மணி நேரம் நேர்த்தியாகத் தைத்தால் தையல் இருக்கும், ஆள் இருக்க மாட்டார். 1993-ல் ஃபிலடெல்ஃபியா மருத்துவர்கள் இந்த முறையை விவரித்துப் பெயரும் சூட்டினார்கள். ஐசியூவில் சூடேற்றி, ரத்தம் ஏற்றித் தேற்றியபின், ஓரிரு நாளில் மறுபடியும் தியேட்டர். இந்த நிபுணருக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவும் கத்தி அளவுக்குக் கைவர வேண்டியிருப்பது இதனால்தான்.

அதற்கான படிப்பு நீளமானது. எம்பிபிஎஸ் பயிற்சிக்காலத்தோடு ஐந்தரை ஆண்டு, பொது அறுவை சிகிச்சையில் எம்எஸ் மூன்று, அதன்மேல் எம்சிஎச் மூன்று. டெல்லி, ரிஷிகேஷ் எய்ம்ஸ் போன்ற சில இடங்களில்தான் அது இருக்கிறது. முடித்தாலும் கிளினிக் வைத்துப் பிழைக்கிற துறை அல்ல. இரவு வேலை தீராது.

2022-ல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். பல ஊர்களில் எலும்பை ஒருவர், தலையை ஒருவர், வயிற்றை ஒருவர் பார்க்கிறார். முழு ஆளையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ள ஒருவர் இல்லை. தமிழகத்தில் 2021-ல் வந்த 'இன்னுயிர் காப்போம்' திட்டம் முதல் 48 மணி நேரச் செலவை அரசிடம் விட்டது. பெரிய காரியம் அது. அடுத்து வேண்டியது ஆள். ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் இந்தத் துறையின் பெயரிலேயே பணியிடங்கள் வர வேண்டும். இல்லாவிட்டால் பதினோரு ஆண்டுக்கு மேல் படித்தவரும் பித்தப்பை ஆபரேஷனுக்குத்தான் போவார்.