சுப்பையாவின் மகன்

டெல்லியில் 34 ஆண்டுகள் கணக்கு வாத்தியாராக இருந்தேன். அத்தனை ஆண்டுகளும் பள்ளியில் யாரும் என்னை என் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மாணவர்களுக்கு 'சுப்பையா சார்', சக ஆசிரியர்களுக்கு 'சுப்பையா ஜி'. சுப்பையா என் அப்பா. விருதுநகரில் வத்தல் மண்டி வைத்திருந்தவர். டெல்லியைப் பார்த்ததே இல்லை.

எல்லாம் ஒரு படிவம் செய்த வேலை. 1986ல் வேலையில் சேர்ந்த அன்று குமாஸ்தா நீட்டிய தாளில் 'சர்நேம்' என்று ஒரு கட்டம் இருந்தது. காலியாக விட்டேன். "அப்புறம் சம்பளத்தை யார் பெயரில் போடுவது?" என்றார் அவர். எங்கள் ஊரில் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதல் எழுத்து மட்டும்தான் என்று விளக்கினேன். "சரி, அந்த எழுத்தை விரித்து எழுதுங்கள்" என்றார். எழுதினேன்.

அதில் ஒரு வேடிக்கை உண்டு. அப்போது அப்பாவும் நானும் பேசி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. எம்.எஸ்சி. முடித்துவிட்டு வந்தவனிடம், "கணக்குப் படிச்சு யார் கணக்கை எழுதப் போறே? நம்ம கணக்கை எழுது" என்றார் அப்பா. மறுநாளிலிருந்து மண்டிக்கு வரச் சொன்னார். நான் ரயில் ஏறினேன். ஏறியதோடு நிற்காமல், கையெழுத்திலிருந்த 'சு.'வையும் எடுத்துவிட்டேன். ஓர் எழுத்தாக விரட்டியது, முழுப் பெயராகத் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது.

இதைச் சொல்லக் காரணம் பெர்னௌலி. பிளஸ் டூ வகுப்பில் வருஷம் தவறாமல் ஒரு பையனாவது கேட்பான்: "சார், நிகழ்தகவில் பெர்னௌலி வருகிறார். வகைக்கெழுச் சமன்பாட்டிலும் வருகிறார். ஃபிசிக்ஸில் திரவ ஓட்டத்திலும் அவரே வருகிறார். ஒரே ஆள் இவ்வளவும் செய்தாரா?" ஒரே ஆள் அல்ல. ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் ஒரே பெயரோடு வாழ்ந்த ஒரு குடும்பம். யாக்கோப், யோஹான், நிக்கோலஸ் என்ற பெயர்களே தலைமுறை தோறும் திரும்பத் திரும்ப வருவதால், ராஜாக்களைப் போல முதலாம், இரண்டாம், மூன்றாம் என்று எண் போட்டுத்தான் அவர்களைப் பிரித்துச் சொல்ல முடியும்.

பாசலில் அந்தக் குடும்பத்தின் தொழில் என்ன தெரியுமா? மசாலா வியாபாரம். மத மோதலுக்கு அஞ்சி ஆன்ட்வெர்ப்பிலிருந்து வெளியேறிய புராட்டஸ்டன்ட் குடும்பம் அது. 1622ல் பாசல் குடியுரிமை பெற்றது. மூத்தவர் யாக்கோபை மதபோதகராக்க நினைத்தார் தந்தை. மகன் திருட்டுத்தனமாகக் கணிதமும் வானவியலும் படித்தார். தந்தைக்குப் பிடிக்காவிட்டாலும் நட்சத்திரங்களைப் படிக்கிறேன் என்ற பொருளில் லத்தீனில் தனக்கொரு முத்திரை வாசகமும் வைத்துக்கொண்டார். பன்னிரண்டு வயது இளைய தம்பி யோஹானைக் கடையில் உட்கார வைத்தார்கள். தேறவில்லை. மருத்துவம் படிக்க அனுப்பினார்கள். அவர் அண்ணனிடம் கணக்குக் கற்றுக்கொண்டார். விருதுநகர் மண்டியிலிருந்து ஓடியவனுக்கு இவர்கள் மேல் பாசம் வந்ததில் ஆச்சரியம் இல்லையே.

ஆனால் பாசம் அந்தக் குடும்பத்தில் நிலைக்கவில்லை. லைப்னிட்ஸின் புதிய நுண்கணிதத்தைச் சேர்ந்து கற்ற அண்ணனும் தம்பியும், அதில் யார் பெரியவர் என்று பத்திரிகைகளில் பகிரங்கமாகச் சண்டை போட்டார்கள். ஒரு பொருள் மேலிருந்து கீழே மிகக் குறைந்த நேரத்தில் வழுக்கி வர எந்த வளைவு வேண்டும் என்று 1696ல் ஐரோப்பாவுக்கே சவால் விட்டார் யோஹான். விடை கண்டவர்களில் நியூட்டனும் உண்டு, அண்ணன் யாக்கோபும் உண்டு. 1705ல் யாக்கோப் இறந்ததும் அவர் வகித்த பாசல் பல்கலைக்கழகக் கணிதப் பதவி தம்பிக்கு வந்தது. அண்ணன் இருபது ஆண்டுகள் யோசித்த நிகழ்தகவு நூல், அவர் இறந்து எட்டு ஆண்டுகள் கழித்து 1713ல்தான் அச்சானது.

யோஹான் லேசான ஆள் அல்ல. பாடப்புத்தகத்தில் 'லோபிதால் விதி' என்று வருகிறதே, அது இவர் கண்டுபிடித்தது. லோபிதால் என்ற பிரெஞ்சுப் பிரபு ஆண்டுக்கு 300 லிவர் கொடுத்துப் பாடம் கற்று, இவருடைய கண்டுபிடிப்புகளைத் தன் நூலில் சேர்த்துக்கொண்டார். தன் பெயர் பறிபோன வலி யோஹானுக்கு நன்றாகத் தெரியும்.

தெரிந்தவர் என்ன செய்தார்? தன் மகன் டேனியலைக் கணக்குப் படிக்காதே, வியாபாரத்துக்குப் போ என்றார். தன் அப்பா தன்னிடம் சொன்ன அதே வார்த்தை. மகன் மறுக்கவே மருத்துவம் படிக்க வைத்தார். டேனியல் மருத்துவப் பட்டமும் வாங்கினார், கணக்கையும் விடவில்லை. 1734ல் பாரிஸ் அறிவியல் அகாதமியின் பரிசு தந்தைக்கும் மகனுக்கும் சேர்த்துக் கிடைத்தது. நம் வீடுகளில் என்றால் தெருவுக்கே இனிப்புக் கொடுத்திருப்பார்கள். யோஹான், தன்னோடு சமமாக நிற்பதா என்று மகனை வீட்டில் சேர்க்காமல் விலக்கினார் என்கிறது வரலாறு.

1738ல் டேனியலின் 'ஹைட்ரோடைனமிக்கா' வெளிவந்தது. திரவம் வேகமாக ஓடும் இடத்தில் அழுத்தம் குறையும் என்று ஃபிசிக்ஸ் புத்தகங்கள் சொல்லும் பெர்னௌலி தத்துவத்தின் வேர் அதில்தான் இருக்கிறது. சில ஆண்டுகளில் அப்பாவும் அதே பொருளில் 'ஹைட்ராலிக்கா' வெளியிட்டார். மகனுக்கு முந்தியதாகத் தோன்றும்படி 1732 என்று தேதி போட்டிருந்தார். பத்து வருஷ உழைப்பு ஒரு மணி நேரத்தில் பறிபோனதாக ஆய்லருக்குக் கடிதம் எழுதிப் புலம்பினார் டேனியல்.

இந்தக் கதையைப் பல வருஷம் வகுப்பில் சொல்லியிருக்கிறேன், டேனியல் பக்கம் நின்று. ஒருநாள் நூலகத்தில் ஒரு புத்தகத்தில் 'ஹைட்ரோடைனமிக்கா'வின் முகப்புப் பக்கப் படத்தைப் பார்த்தேன். டேனியல் பெர்னௌலி என்ற பெயரை அடுத்து 'யோ. ஃபில்.' என்று சுருக்கெழுத்து. 'யோஹானின் மகன்' என்று அர்த்தம். அதாவது, இனிஷியல்! நாம் முன்னால் போடுவதை அவர் பின்னால் போட்டிருக்கிறார். அத்தனை பெர்னௌலிகளுக்கு நடுவே தான் யார் என்று காட்டும் வழக்கம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் வீட்டைவிட்டு விலக்கிய அப்பாவின் பெயரைத் தன் ஆயுளின் பெரிய புத்தகத்தில் போடும்போது அவர் கை நிற்கவில்லையே என்று எனக்குப் பட்டது.

1995ல் தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போனேன். பதினோரு வருஷத்துக்குப் பிறகு அப்பாவைப் பார்க்கிறேன். மண்டி வாசலில் 'சுப்பையா அன் சன்ஸ்' போர்டு புதுப் பெயின்ட்டோடு இருந்தது. ஒரே மகன் நான்தான். அந்தப் பன்மை அவருடைய ஆசை. மகன் ஓடிப்போன பிறகும் தீபாவளிக்குத் தீபாவளி அதற்குப் பெயின்ட் அடித்திருக்கிறார்.

கல்யாணத்தன்று டெல்லி ஆசிரியர்கள் அனுப்பிய வாழ்த்துத் தந்தி வந்தது. 'சுப்பையா' என்று பெயர் இருந்ததால் தபால்காரர் அப்பாவிடம் கொடுத்துவிட்டார். "டெல்லியில எனக்கு யாரைத் தெரியும்?" என்று என்னிடம் நீட்டினார். பதினோரு வருஷத்தில் அவர் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் அது. "எனக்கு வந்ததுதாம்ப்பா. அங்க என்னை அப்படித்தான் கூப்பிடுவாங்க" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தந்தியை மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு அந்த வருஷ வத்தல் விலையைப் பற்றிப் பேசினோம். 2004ல் காலமானார்.

நம் இனிஷியலுக்கு ஆயுள் ஒரு தலைமுறை. பேரனுக்கு வரும்போது தாத்தா உதிர்ந்துவிடுவார். குடும்பப் பெயர் ஓடிக்கொண்டே இருக்கும். பாசலின் கணிதப் பதவி 1687 முதல் 1790 வரை பெர்னௌலிகளிடமே இருந்தது. மூன்றாம் யோஹான் பெர்லினுக்குப் போனார். வட இந்தியாவில் சுற்றிய டீஃபென்தாலர் பாதிரியாரின் ஹிந்துஸ்தான் குறிப்புகளை 1780களில் பதிப்பித்தார். 2019ல் உச்ச நீதிமன்றம் அளித்த அயோத்தி தீர்ப்பில் பேசப்படும் அதே குறிப்புகள்தான். ஆனால் அந்தப் புகழ் வரிசையில் பெண்கள் இல்லை. புகைப்படக் கலைஞர் மரியா பெர்னௌலி 20ஆம் நூற்றாண்டில்தான் தெரிய வருகிறார். அவரையும் 'சித்தார்த்தா' எழுதிய ஹெர்மன் ஹெஸ்ஸேயின் முதல் மனைவி என்றுதான் அறிமுகம் செய்கிறார்கள்.

என் மகள் டெல்லியில் பிறந்தவள். பள்ளியில் என் 'சர்நேம்' அவளுக்கும் ஒட்டிக்கொண்டது. ஊர் வழக்கப்படி அவளுக்கு என் பெயரின் முதல் எழுத்துதான் வந்திருக்கும். போன மாதம் அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க உட்கார்ந்தவள், மாப்பிள்ளை பெயரைச் சேர்க்கப் போகிறாளா என்று நான் கேட்குமுன், "இது அப்படியே இருக்கட்டும்ப்பா" என்றாள். பிறகு, "ஸ்பெல்லிங் சரிதானே? தாத்தா இங்கிலீஷ்ல எப்படி எழுதுவாங்க?" என்று கேட்டாள்.

தாத்தா தமிழில்தான் கையெழுத்துப் போடுவார் என்றேன். 1986ல் அந்தக் குமாஸ்தா போட்ட ஸ்பெல்லிங்கையே எழுதினாள்.